ஒன்பதில் ஒன்றும் குறையாது

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஒன்பது பேரை வளர்த்தேன். பெற்றது இரண்டு, பெறாதது ஏழு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்த வம்பெல்லாம் இந்த ஒன்பதால்தான் வந்தது.

எழுதுவது நான்தான். மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துபோனது. எழுத்து கொட்டை கொட்டையாக வரும். ஒரு பக்கம் எழுதக் காலை டீயில் தொடங்கினால் குக்கர் வைக்கிற நேரம் ஆகிவிடும். ஆகட்டும், எனக்கென்ன லோக்கல் ரயிலையா பிடிக்க வேண்டும்?

புனேயில் கட்கி ஃபேக்டரியில் என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்து, பக்கத்திலேயே போபோடிக்குக் குடிவந்தோம். அன்றிலிருந்து அதே சந்து, அதே வீடு. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயிற்று. மகன் தன் மனைவி, மகளோடு பாணேரில் இருக்கிறான். என்னோடு இருப்பது என் மகள். நாற்பத்தேழு வயது, பேங்கில் வேலை, கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள். நானும் வற்புறுத்தவில்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மராத்திக்காரர்கள். தகப்பன் எப்போதோ ஓடிவிட்டான். தாய் மஞ்சள் காமாலையில் இறந்தபோது மகளுக்கு ஆறு வயது. காரியம் முடிந்து எல்லாரும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்தப் பெண் எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். தட்டு வைத்தேன், சாப்பிட்டாள். பாய் போட்டேன், படுத்தாள். நான்கு மாதம் அப்படியே போயிற்று. என்னை ஆஜி என்று கூப்பிடுவாள். மராத்தியில் பாட்டியை அப்படித்தான் அழைப்பார்கள்.

என் மகள் பேங்க்காரி. அவளுக்கு எல்லாவற்றுக்கும் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். "அம்மா, நாளைக்கு யாராவது வந்து கேட்டா நம்மகிட்ட என்ன இருக்குது? முறைப்படி எழுதிக் கொடுத்து, நாமளே வளர்க்கிறோம்னு வாங்கிக்கலாம்" என்றாள். சரியென்றேன். வாழ்நாளில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். நாங்களே போய்க் குழந்தைகள் நல அலுவலகத்தில் சொன்னோம். மூன்றாம் நாள் ஒரு வண்டி வந்தது. "ஃபைல் முடியிற வரைக்கும் விடுதியில இருக்கட்டும், ரெண்டு மாசம்தான்" என்று கூட்டிக்கொண்டு போனார்கள். வண்டியில் ஏறுகிறவரை அவள் என் புடவை முந்தானையை விடவில்லை. நான்தான் விரலைப் பிரித்துவிட்டேன்.

அது நடந்து ஒன்றேகால் வருஷம் ஆகிறது.

முதலில் என்னைத் தள்ளினார்கள். அறுபதுக்கு மேலே என்றால் விண்ணப்பிக்க முடியாதாம். சரி, மகள் பேரில் போட்டோம். போலீஸ் சான்று, டாக்டர் சான்று, சம்பளச் சான்று, எங்களைத் தெரியும் என்று சொல்ல இரண்டு பேர், எல்லாரும் சேர்ந்து எடுத்த போட்டோ. விடுதியை நடத்துகிற சங்கம் ஃபைலை அலுவலகத்துக்கு அனுப்பும். அலுவலகம், முடிவு சொல்கிற கமிட்டிக்கு அனுப்பும். கமிட்டி, 'சங்கத்திடம் கேளுங்கள்' என்று சொல்லும். கமிட்டி செவ்வாய்க்கிழமை கூடும். ஒரு செவ்வாய் மெம்பர் வரவில்லை. இன்னொரு செவ்வாய் எங்கள் ஃபைலைப் பார்த்த அலுவலக அம்மணி மாற்றலாகிப் போய்விட்டாள். புதிதாக வந்தவள் போலீஸ் சான்று பழசாகிவிட்டது, புதுசு கொண்டு வா என்றாள். பழசாகும்வரை அதை மேஜைமேல் வைத்திருந்தது நாங்களா?

மாதம் ஒருமுறை விடுதியில் அரைமணி நேரம் பார்க்க விடுவார்கள். போனதும் அந்தப் பெண் கேட்பது ஒன்றுதான்: "ஆஜி, காகத் ஜாலே கா?" காகிதம் ஆயிற்றா என்று. ஏழு வயதுப் பெண் கேட்கிற கேள்வியா இது?

கடைசியில் வீட்டைப் பார்க்க அந்தப் புது அம்மணி வந்தாள். என் மகளைவிடச் சின்னவள், தோளில் லேப்டாப் பை. ஒரு வாரமாக என் மகள் எனக்குப் பாடம் எடுத்திருந்தாள்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. எத்தனை பிள்ளைன்னா ரெண்டு. அவ்வளவுதான்." அம்மணி அறைகளைப் பார்த்தாள், கக்கூஸைப் பார்த்தாள், ஜன்னல் கம்பியை இழுத்துப் பார்த்தாள். அவலைத் தாளித்துப் போஹா வைத்தேன், சாப்பிட்டாள். பிறகு ஹிந்தியில் கேட்டாள்: "ஆஜி, நீங்க எத்தனை பேரை வளர்த்திருக்கீங்க?"

நான் ஒன்பது என்றேன். என் மகள் டம்ளரை டொக்கென்று வைத்தாள்.

"மத்த ஏழு பேருக்கும் காகிதம் இருக்கா?"

"எதுக்குக் காகிதம்? பசின்னு வந்தாங்க, சோறு போட்டேன்."

அம்மணி லேப்டாப்பில் தட்டிக்கொண்டே இருந்தாள். வீடு சுத்தம், காற்றோட்டம் உண்டு என்று எழுதுகிறாள் என்று நினைத்தேன். இருபது நாள் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரரின் வீட்டில் முன்பு ஏழு குழந்தைகள் ஆவணமில்லாமல் வைக்கப்பட்டிருந்ததாகத் தெரிகிறது, விளக்கம் தரவும், அதுவரை ஃபைல் நிறுத்தப்படுகிறது.

மகள் படித்துக் காட்டிவிட்டு அழுதாள். "ரெண்டுன்னு சொல்லுன்னு எத்தனை வாட்டி சொன்னேன்?"

"பெத்தது எத்தனைன்னா கேட்டா? வளர்த்தது எத்தனைன்னு கேட்டா."

"உன் பெருமைக்கு அந்தப் பொண்ணுதான் விடுதியில கெடக்குது."

அந்த வார்த்தை குத்திற்று. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போனை எடுத்தேன்.

கொழுந்தனுக்கு மூன்று பிள்ளைகள். தாய் செத்ததும் மூன்றும் என்னிடம் வளர்ந்தன. பக்கத்து வீட்டு மராத்திக்காரி காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு வருஷம், அவளுடைய இரண்டு பெண்கள். ஊரிலிருந்து ஐடிஐ படிக்க வந்து, மீசை முளைத்துத் திரும்பிய என் அக்காள் மகன். ஆறு பேருக்கும் போன் போட்டேன். ஆறு பேரும் கைப்பட எழுதிக் கொடுத்தார்கள். மராத்திக்காரியின் மூத்த பெண் இப்போது நர்ஸ். நாசிக்கிலிருந்து பஸ் ஏறி நேரே அலுவலகத்துக்கே வந்து நின்றாள். "எங்களைக் கடத்திட்டாங்கன்னு எழுதணுமா மேடம்? எழுதறேன். தினமும் இட்லி குடுத்துக் கொடுமைப்படுத்தினாங்கன்னு சேர்த்து எழுதறேன்" என்றாள். அங்கே இருந்த பியூன் சிரித்துவிட்டான்.

அம்மணிகூடக் கொஞ்சம் இளகினாள். ஆறு கடிதத்தையும் எண்ணினாள். "ஏழாவது?"

ஏழாவது, எங்கள் மாடியில் குடியிருந்தவளின் மகள். "ரெண்டு நாள்ல வந்துடறேன் அக்கா" என்று தாய்க்காரி அவளை நான்கு வயதில் விட்டுப் போனாள். வந்தபோது மகளுக்குப் பத்து வயது. கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விட்டாள். விலாசம் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு சேதியும் கிடையாது. போட்டோகூட இல்லை.

அம்மணி குரலைத் தணித்துச் சொன்னாள்: "ஆஜி, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வயசாச்சு, தப்பா எண்ணிட்டேன், எட்டுதான்னு எழுதிக் கொடுங்க. வர்ற செவ்வாயே முடிச்சிடலாம்."

என் மகள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். பேனா மேஜைமேல் இருந்தது. விடுதியில் இருப்பவளை நினைத்தேன். ஒரு எண்ணை மாற்றினால் அவள் வீட்டுக்கு வருவாள். உண்மையாகவே பேனாவைக் கையில் எடுத்தேன்.

ஆனால் அந்த ஆறு வருஷமும் மாடிக்காரியின் மகள் என் காலின்மேல் தன் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினாள். காலை நகர்த்தினால் விழித்துக்கொள்வாள். கத்தரிக்காயை எடுத்துத் தட்டுக்கு அடியில் ஒளித்துவைப்பாள். இடது காதில் ஒரு சின்ன வெட்டு. காகிதம் இல்லாததால் அவள் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு வருகிற இவளையும் ஒரு காகிதம் தொலைந்தால் இல்லை என்று சொல்லலாமே.

பேனாவை வைத்துவிட்டேன். "விளக்கம்தானே வேணும்? நானே எழுதித் தரேன். என் பாஷையில, என் கையால. ஒன்பது பேரையும் எழுதுவேன்" என்றேன்.

வெளியே வந்து மகள் ஆட்டோவைக் கூப்பிட்டாள். ஆட்டோவில் பாதி வழி வந்தபின், "அவ காதுல வெட்டு இருந்தது எனக்கும் ஞாபகம் இருக்குது. நானும் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

கமிட்டிக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். தப்பு செய்திருந்தால் ஒளித்திருப்பேன். ஒளிக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அடுத்த செவ்வாயும் வருவேன், அதற்கடுத்த செவ்வாயும் வருவேன். உங்கள் நாற்காலிகளில் ஆள் மாறும். வெளியே பெஞ்சில் நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

பாணேரிலிருந்து என் மகன் பெண் வந்திருக்கிறாள். காலேஜில் படிக்கிறாள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், மராத்தியில் வெளுத்து வாங்குவாள். இதை மராத்தியில் எழுதித் தரப்போவது அவள்தான்.

வாடி கண்ணு, இப்படி வெளிச்சத்துல உக்காரு. என் எழுத்து உன் படிப்புக்குச் சரியா இருக்கும். மொதல்லேருந்து எனக்குப் படிச்சுக் காட்டு. ஒன்பதுன்னு எழுதியிருக்கிற இடத்துல சத்தமாப் படி.