பதினைந்து நொடிப் பாட்டு

பள்ளிக்கூடத்தில் வாய் ஓயாமல் பேசியதற்காக அவனுக்கு வைத்த பட்டப்பெயர் ரம்பம். பெரியவனாகி ராப் பாட ஆரம்பித்ததும் அதையே மேடைப் பெயராக்கிக்கொண்டான். திட்டாக வந்ததை எடுத்துப் பதக்கம்போல நெஞ்சில் குத்திக்கொள்ளும் துணிச்சல் அந்த வயதில் இருந்தது.

பகலில் அவனுக்கு ஒரு பெரிய சலவை நிலையத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் போட்டு எடுக்க வேண்டும். உருளை சுற்றும் தாளத்துக்கு உள்ளுக்குள்ளேயே வரி கட்டுவான். வீட்டுக்கு வந்ததும் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடிப் பதிவு செய்வான். தொங்குகிற சட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த கூட்டாளி, அவனை எல்லாரும் பொட்டி என்பார்கள், கம்ப்யூட்டரில் பீட் போட்டுத் தருவான். பத்து வருஷத்தில் முப்பத்தெட்டுப் பாட்டு. கேட்டவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றினால் பின்சீட் காலியாக இருக்கும்.

அந்தப் பஸ்ஸில் முதல் சீட் அண்ணனுக்கு. அண்ணன் உயரக் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். கயிற்றில் தொங்கியபடி வெளிச்சுவரில் வேலை. காதோரத்தில் பெயிண்ட் புள்ளியோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து புதுப் பாட்டைக் கேட்பான்.

"ஒரு வார்த்தையும் புரியலடா. ஆனா மூச்சு விடாம சொல்றே பாரு, அது பெரிய விஷயம். வாயுள்ள பிள்ளை பிழைச்சிக்கும்."

"உனக்குப் பயமா இருக்காதாண்ணே, அவ்வளவு உயரத்துல?"

"ஏறும்போது கீழ பாக்கக் கூடாது. அவ்வளவுதான்டா எங்க தொழில்."

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஏழாவது மாடி உயரத்தில் கயிறு அறுந்தது. அண்ணிக்குத் தகவல் வந்தபோது அவளும் சலவை நிலையத்தில்தான் இருந்தாள். விரிப்பு மடிக்கிற பகுதியில் அவளுக்கு வேலை. மடித்துக்கொண்டிருந்த விரிப்பை முடித்து அடுக்கில் வைத்துவிட்டுத்தான் கீழே உட்கார்ந்தாள்.

மூன்று வாரம் ரம்பம் வாய் திறக்கவில்லை. நான்காவது வாரம் அலமாரிக்குள் போனான். நாலு நிமிஷப் பாட்டு. அண்ணனின் பெயிண்ட் வாளி, பழைய கயிற்றை மாற்றாத மேஸ்திரி, நஷ்டஈட்டுத் தாளில் கையெழுத்து வாங்க வந்தவர்கள், எல்லாம் அதில் இருந்தது. நடுவில் மட்டும் சின்னப் பிள்ளை பாட்டுப்போல ஒரு பல்லவி: "ஏறு ஏறு அண்ணே, கீழ பாக்காதண்ணே." கடைசி வரி: "ஏறின ஆளு எங்கே, கயிறு மட்டும் வருதே." பதிவை முதலில் அண்ணிக்குத்தான் போட்டுக் காட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"வெளியில விடு தம்பி. நாலு பேருக்குத் தெரியட்டும்."

தெரிந்தது. யாரோ ஒருவன் பல்லவியை மட்டும் பதினைந்து நொடிக்கு வெட்டி, தன் நாய்க்குட்டி சோபாவில் ஏற முடியாமல் தடுமாறுகிற வீடியோவுக்குப் போட்டான். மறுவாரம் ஊரே ஏற ஆரம்பித்தது. படிக்கட்டில், மேஜையில், காரின் மேல், ஒருவர் தோளில் ஒருவர். ஏறி, இடுப்பை ஆட்டி, பொத்தென்று விழ வேண்டும். விழுவதுதான் வேடிக்கை.

பொட்டி கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தான். "டேய், ஜெயிச்சிட்டோம்டா! லட்சக்கணக்குல போகுது!"

"எங்க அண்ணன் செத்ததுக்கு ஆடுறாங்கடா."

"அவங்களுக்குத் தெரியாதுல்ல. முதல்ல உள்ள வரட்டும், அப்புறம் முழுப் பாட்டையும் கேப்பாங்க."

அந்த ஒரு வார்த்தையை ரம்பம் பிடித்துக்கொண்டான். வெள்ளத்தில் போகிறவனுக்குத் துரும்பும் கட்டைதானே. சலவை நிலையத்தில் சாப்பாட்டு இடைவேளையில், நம்ம ஆளு பாட்டு என்ற பெருமையில், கூட வேலை செய்பவர்கள் மூட்டைகள் மேல் ஏறி ஆடிக் காட்டினார்கள். அண்ணி நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை ஒருவன் விழுந்து எல்லாரும் சிரித்தபோது, எழுந்து கழிவறைக்குப் போனாள்.

வீட்டிலோ அண்ணன் மகள் வேறு கதை சொன்னாள். ஒன்பது வயது அவளுக்கு. "சித்தப்பா, ஸ்கூல்ல எல்லாரும் அதான் ஆடுறாங்க. எங்க அப்பா பாட்டுன்னு சொன்னேன். யாருமே நம்பல."

"நீ ஆடினியாம்மா?"

"ஆடாட்டி சேத்துக்க மாட்டாங்க."

ஒரு பெரிய வணிக வளாகத்தின் திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. ஒரு நிபந்தனையோடு அவன் ஒப்புக்கொண்டான்: முழுப் பாட்டையும் பாடுவேன். சரி என்றார்கள். மதியம் பன்னிரண்டு மணி, மூன்று மாடிக் கைப்பிடி நெடுக ஆட்கள், கையெல்லாம் செல்போன். வாழ்நாளில் அவன் பார்க்காத கூட்டம். பெயிண்ட் வாளி வரியில் தொடங்கினான். அரை நிமிஷம் பொறுத்தார்கள். மேஸ்திரி பற்றிய வரி வந்தபோது சலசலப்பு. "ஏறு! ஏறு!" என்று மேல் மாடியிலிருந்து கத்தல். அறிவிப்பாளன் காதருகில் வந்து, "சோகமெல்லாம் வேண்டாம் ப்ரோ, ஃபேமிலி கூட்டம். நேரா மேட்டருக்கு வாங்க" என்றான்.

அப்போதுதான் ரிப்பன் சுற்றிய அலுமினிய ஏணி ஒன்றை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அவனுக்கு ஒரு சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்களாம். கீழே ஒரு மெத்தை.

ரம்பத்துக்கு அடுத்த வரி வரவில்லை. பத்து வருஷமாக மூச்சு விடாமல் பேசிய வாய் திறந்தபடி நின்றது. யாரோ பதிவை ஓடவிட்டார்கள். அவன் நிற்க, அவன் குரல் பாடியது. அறிவிப்பாளன் ஏணியில் ஏறி, ஆடி, மெத்தையில் விழுந்தான். மூன்று மாடியும் அதிர்ந்தது. ரம்பம் ஒலிவாங்கியைத் தரையில் வைத்துவிட்டுச் சரக்கு லிஃப்ட் வழியாக வெளியே போனான்.

அன்றே பாட்டைத் தன் இணையப் பக்கத்திலிருந்து நீக்கினான். நீக்கி என்ன? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வெட்டிய துண்டுகள் ஆயிரமாயிரம் அப்படியே கிடந்தன. முழுப் பாட்டு மட்டும்தான் இல்லாமல் போயிற்று.

"பத்து வருஷம் கழிச்சுத் தொறந்த கதவை நீயே சாத்துறியேடா பாவி" என்று பொட்டி அழுதான். பிறகு, வேறொரு பாடகனைப் பிடித்து, பல்லவியை மட்டும் வைத்துப் புதுப் பாட்டு செய்து வெளியிட்டான். இப்போது இருவருக்கும் பேச்சு இல்லை.

அண்ணி மகளோடு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது பை வாசலில் இருந்தது. "உன் மேல கோவம் இல்ல தம்பி. வெளியில விடச் சொன்னதே நான்தானே. ஆனா இங்க காதைப் பொத்திக்கிட்டு எத்தனை நாள் இருக்கறது?"

அவனால் எழுத முடியவில்லை. ஒரு வரி வந்தாலும், அதில் எந்தப் பதினைந்து நொடியை வெட்டுவார்கள் என்று மனசு முதலில் அளக்கிறது. வெட்ட முடியாதபடி எழுதிப் பார்த்தான். அது பாட்டாகவே இல்லை.

நாலு மாதம் கழித்து அண்ணன் மகள் போன் செய்தாள்.

"சித்தப்பா, இப்ப யாரும் அதை ஆடல. வேற பாட்டு வந்துருச்சு."

"அப்படியா. நல்லதும்மா."

அவள் இன்னும் ஏதோ எதிர்பார்த்துக் காத்திருப்பது தெரிந்தது. போனைக் காதில் வைத்தபடி, சொல்ல ஒரு வரியாவது வருமா என்று அவனும் காத்திருந்தான்.