காலி மச்சான் வைத்த ஈரப்பலா

மச்சான் தன் ஊருக்குப் போய்த் திரும்பிய அன்று கையில் ஓர் ஈரச் சாக்கு இருந்தது. தின்பண்டம் என்று நானும் தங்கச்சியும் ஓடிப்போய் அவிழ்த்தோம். உள்ளே இரண்டே இலைகளோடு ஒரு குச்சி. கறிக்குக் காய் தரும் ஈரப்பலாக் கன்று.

மச்சான், நாங்கள் ராத்தா என்றழைத்த அக்காவின் மாப்பிள்ளை, தெற்கே காலிப் பக்கத்தவர். புடவை மூட்டையோடு எங்கள் கல்முனைச் சந்தைக்கு வந்து போனவர், ராத்தாவை நிக்காஹ் செய்து எங்கள் வீட்டோடு இருந்துவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான்: வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அதில் வந்து சேருகிறவர். அந்தக் கன்றோ ஓயாத மழையில் வளரும் சாதி. வீட்டைச் சுற்றிய எங்கள் வளவு கடற்கரை மணல். அவர் கிணற்றடியில் ஆழக் குழி வெட்டி, குளத்து வண்டலும் மாட்டெருவும் நிரப்பி நட்டார். உப்புக்காற்றுப் படாமல் தென்னங்கிடுகால் மறைத்தார். அண்ணன் முறையான பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன காலி மாப்பிள்ள, மழயையும் சாக்குல கட்டிக் கொண்டு வந்தீங்களா?" என்று சிரித்தார்.

"நானே இந்த மணலுக்க முளச்சிட்டன் காக்கா, மரம் முளைக்காதா?" என்றார் மச்சான்.

அவர் வியாபாரத்துக்குப் போன நாட்களிலும் அந்திக்குத் தண்ணீர் தவறவில்லை. ஊற்றியவர் ராத்தா. கைவிரித்தாற்போன்ற இலைகளோடு மரம் வீட்டுக் கூரையைத் தாண்டியது. முதன்முதல் காய்த்தபோது ராத்தா கர்ப்பமாக இருந்தார். கையெல்லாம் பால் ஒட்ட உம்மா சீவி, தேங்காய்ப்பாலில் ஆக்கிய கறியை ராத்தா சட்டியோடு வைத்துச் சாப்பிட்டார். அந்தப் பிரசவத்திலேயே ராத்தா கண்ணை மூடி மௌத்தானார், பிள்ளையும் தங்கவில்லை.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்தது. தங்கச்சி பெரியபிள்ளையாகி இருந்தாள். வீடு இனி அவளுக்கு; அவள் இருக்கும் வீட்டில் அந்நிய ஆண் ஒருவர் தங்கலாகாது. அவளையே அவருக்கு முடித்துவைக்க வாப்பா பேசிப் பார்த்தார். "அவ எனக்குக் கூடப்பிறந்த மாதிரி. அந்தக் கதய விடுங்க மாமா," என்றுவிட்டார் மச்சான். அதற்குப் பிறகு அவர் போகவேண்டியவர்தான். சொல்லத்தான் எவருக்கும் வாய் வரவில்லை. பாயை அவரே முன் கொட்டிலுக்கு எடுத்துக்கொண்டார்.

ஒரு காலை, மரத்தடி மண்ணைக் கிளறி, மேலோடிய வேரொன்றைக் கத்தியால் கீறினார். பால் கசிந்தது. ஈரப்பலாவுக்கு விதையில்லை, காயப்பட்ட வேரிலிருந்துதான் கன்று கிளம்பும். மண்ணை மூடிவிட்டு, "ஒரு கண்டு முளச்சி வந்தா எடுத்துக்கிட்டுப் போறன் மாமா," என்றார். வாப்பா நிலத்தைப் பார்த்தபடி தலையாட்டினார்.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, உம்மா கிணற்றடியில் குனிந்து, விழுந்த இலையொன்றால் எதையோ மூடிக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். விரலளவில் ஒரு தளிர்.

"நீ ஒண்டையும் காணல்ல, என்ன?"

"ஓம் உம்மா."

இலை மக்க மக்க உம்மா வேறிலை போட்டார். மச்சான் தண்ணீர் அள்ளப் போவார், அந்த இலையைப் பார்ப்பார், வாளியோடு திரும்புவார். தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் கன்று அடங்கவில்லை. இலைக்குப் பக்கத்தால் தலையை நீட்டிவிட்டது. தங்கச்சிக்கும் ஓரிடத்தில் கலியாணப் பேச்சு முடிவாகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, தாய்வேரில் ஒரு துண்டும் சேர அதை மண்ணோடு தோண்டி எடுத்தார் மச்சான்.

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "ஒங்கட ஊரில வளவுக்கு வளவு இந்த மரந்தானே மகன். இத என்னத்துக்குச் சுமக்கிறீங்க?"

"இரிக்கி மாமி. அதெல்லாம் அவ தண்ணி ஊத்தாத மரம்."

இப்போது அந்த வீட்டில் தங்கச்சியும் அவள் மாப்பிள்ளையும் இருக்கிறார்கள். மரம் போகத்துக்குப் போகம் காய்க்கிறது. ஊரெல்லாம் வந்து வாங்கிப் போகிறது. எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்து வாத்தியாரான முதல் ஆள் நான். எனக்கும் கலியாணம் பேசுகிறார்கள். நற்பிட்டிமுனையிலிருந்து வந்த தரகர், நான் போய்ச் சேரவேண்டிய பெண் வீட்டு அறைகளையும் ஓட்டுக் கூரையையும் வருணித்துக்கொண்டே போனார். வளவில் மரம் வைக்க இடமிருக்கிறதா என்று கேட்டேன்.

"வாத்தியார் மாப்பிள்ள பொம்புளயக் கேக்கல்ல, வளவக் கேக்கிறார்!" என்று அவர் சிரித்தார். வாப்பாவும் சிரித்தார்.

உம்மா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார்: "அந்த ஊட்டு ஆக்களப் பத்தி விசாரிங்க. ஒருத்தரப் பாத்து, போங்க எண்டு சொல்ல வாய் வராத ஆக்களா எண்டு கேளுங்க."