அக்கா நடத்திய அமெரிக்கா

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அமெரிக்காவை நடத்திக்கொண்டிருந்தது யார் என்பது எனக்குத் தெரியும். என் அக்காதான். மைசூரில், எங்கள் வீட்டுச் சமையலறையை ஒட்டி, கேஸ் சிலிண்டருக்கும் துணி மடித்து வைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு நடத்தினாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது, பியூசி முதல் வருடம், அதாவது பதினொன்றாம் வகுப்பு. சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள் என்றால் விளக்கு வைப்பதற்குள் ஒரு வாரத்துக்கு வேண்டிய அமெரிக்கா தயாராகிவிடும்.

மற்றவர்களுக்கு அது இணையத்தில் வாராவாரம் வரும் சிரிப்புப் படக்கதை. அமெரிக்க ஜனாதிபதிகள் அத்தனை பேரும், செத்தவர் இருப்பவர் என்ற பேதமில்லாமல், மைசூரில் ஒரே காம்பவுண்டுக்குள் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். எங்கள் ஊரில் இதை வட்டாரம் என்பார்கள். நாங்கள் இருந்ததும் அப்படி ஒன்றில்தான். கதையில் வீட்டுக்கார அம்மாவாக வருவது, தலையில் கிரீடமும் கையில் தீவட்டியுமாகக் கடலுக்குள் நிற்கும் அந்தச் சிலை. வாடகை பாக்கி வைத்தவர்கள் வாசலில் தீவட்டியோடு வந்து நின்றுவிடுவாள். முதல் ஜனாதிபதிக்குப் பல் சரியில்லை, முறுக்கைக் காபியில் ஊறவைத்துத்தான் தின்பார். ஒருவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய், நாலு வருடம் கழித்து அதே வீட்டுக்கு அட்வான்ஸோடு திரும்பி வந்தார். இன்னொருவர் தன் வீட்டுக்கு வருகிறவர்கள் பேச்சையெல்லாம் டேப்பில் பதிந்து வைத்து, கடைசியில் அந்த டேப்பாலேயே மாட்டிக்கொண்டு பெட்டியைக் கட்டினார். அந்தக் காலத்து அமெரிக்கர்கள் வரி கட்ட மறுத்துத் தேயிலையைக் கடலில் கொட்டிய கதையில் குக்கரஹள்ளி ஏரியே டீயாகிவிட்டது. காலையில் ஏரியைச் சுற்றி நடக்க வந்தவர்கள் ஆளுக்கொரு டம்ளரோடு வரிசையில் நின்றார்கள்.

தாடி வைத்த நெட்டை ஜனாதிபதிமேல் மட்டும் அக்காவுக்குத் தனி மரியாதை. தெற்கு வரிசை வீட்டுக்காரர்கள் கூலி கொடுக்காமல் அடுத்தவர்களைத் தண்ணீர் சுமக்க வைத்ததும், அதைக் கேட்டதற்குக் காம்பவுண்டுக்கு நடுவில் சுவர் எழுப்பப் பார்த்ததும், நெட்டையர் செங்கல் அடுக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றதும் பல வாரம் ஓடின. படக்கதை ஆங்கிலத்தில்தான். ஆனால் ஜனாதிபதிகள் கோபம் வந்தால் கன்னடத்தில் திட்டிக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அக்காவும் நானும் சண்டை போடுவது கன்னடத்தில், சமாதானம் தமிழில். எங்கோ அமெரிக்காவில் ஒரு வாத்தியார் தன் வகுப்பில் இந்தக் கதையைக் காட்டினாராம். பிள்ளைகள் எல்லாம் ஒருவரையொருவர் ‘சும்னிரு’, அதாவது சும்மா இரு, என்று கன்னடத்தில் அதட்டிக்கொள்வதாகப் படக்கதைக்குக் கீழே எழுதியிருந்தார்.

அமெரிக்காவை அக்காவுக்குக் காட்டிக் கொடுத்தவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. சொந்தக் கிராமமான மார்டள்ளியிலிருந்து அழைத்து வந்து, நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே அம்மா படிக்க வைத்த தம்பி. அங்கே ஏதோ குளிரான ஊரில் கம்ப்யூட்டர் வேலை. அக்கா வரைகிற லேப்டாப்பும், பேனாவால் வரைகிற கறுப்புப் பலகையும் அவர் கொடுத்தனுப்பியவை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவார். மற்றவர்களின் மாமாக்கள் மார்க் கேட்பார்கள். எங்கள் மாமா, “என்ன கண்ணு, இந்த வாரம் யாரைப் பிடிச்சுப் போட்டே?” என்று கேட்பார். பிறகு, தான் போய்ப் பார்த்த மியூசியத்தையும் அங்கே கேட்ட கதையையும் சொல்வார். லீவு நாளெல்லாம் மியூசியத்துக்கே போகிறாரே, கூட யார் வருகிறார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது போனவர். அதற்குப் பிறகு வரவேயில்லை. நான் பார்த்த மாமா மார்புக்கு மேல் மட்டும்தான். அவருக்குக் கால்கள் உண்டு என்பதை அம்மா சொல்லித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்காதான் அமெரிக்காவை நடத்துகிறாள் என்பது எனக்கு ஒரு காலை நேரத்தில், இட்லி சாப்பிடும்போது விளங்கியது. முந்தைய வாரப் படக்கதையில் வட்டாரத்துக்குள் பெரிய சண்டை. குழாய் மோட்டார் பழுதுக்கு யார் பணம் கொடுப்பது என்று பாதி வீடுகள் முறுக்கிக்கொள்ள, வீட்டுக்கார அம்மா குழாயைப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஜனாதிபதிகள் காலிக் குடத்தோடு நின்றார்கள். அந்தக் காலையில் அப்பா டிவியைப் பார்த்துவிட்டு, “அமெரிக்காவுல கவர்மென்ட்டையே பூட்டிட்டாங்களாம். பணத்துக்கு யாரு ஒத்துக்கறதுன்னு தகராறாம்” என்றார்.

எனக்கு இட்லி இறங்கவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவள் “ம்” என்றாள், “சட்னி போடும்மா” என்றாள், அவ்வளவுதான். பூட்டைப் போட்டவளே எதற்குப் பதறப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இது அக்காவின் வேலை என்று அப்பாவிடம் சொன்னபோது, “காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை” என்று சிரித்தார். நான் அதுவரை பனம்பழத்தைக் கண்ணால் கண்டதில்லை, ஆகையால் அந்தப் பழமொழி என்னை அசைக்கவில்லை. அங்கே தகராறு முற்றிவருவதை மாமா பல ஞாயிறுகளாக அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

அப்புறம் தீவட்டி அணைகிற அளவுக்குப் பனி பெய்வதாக வரைந்தாள். அடுத்த ஞாயிறு மாமா ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, எல்லாம் வெள்ளையாக இருப்பதைக் காட்டினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றிலிருந்து அந்த வரைகிற பேனாவைத் தொடுவதை நிறுத்தினேன். அவளுக்குக் காபி கொண்டுபோனால் இரண்டு கையாலும் நீட்டினேன். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “அடுத்த வாரம் அங்க என்னாகும்க்கா?” என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? சனிக்கிழமை உக்காந்தாத்தான் வரும்.”

அவ்வளவு பெரிய தேசம், சனிக்கிழமை வரை தன் கதி தெரியாமல் காத்திருக்கிறது. அந்தப் பிரமிப்பு எனக்குப் பிறகு எந்தப் பெரிய மனிதர்மீதும் வந்ததில்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு இருந்த ஒரே கவலை, தம்பி எப்போது வருவான் என்பது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வருகிறேன் என்பார் மாமா, வர மாட்டார். அந்த வருடமும், “விசா பேப்பர் எல்லாம் புதுப்பிக்கப் போட்டிருக்குதுக்கா. இப்ப வெளிய வந்தா மறுபடி உள்ள விட மாட்டாங்க” என்றார். அம்மா சிரித்த முகத்தோடு, “அதுக்கென்ன சாமி, வேலைதான் முக்கியம்” என்றாள். பிறகு உள்ளே போய்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு நின்றாள். கீழே பாத்திரம் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரை வீணாக்கினால் எங்களைக் கொன்றுவிடுகிறவள். அவள் முதுகு குலுங்குவதை நான் கதவோரத்திலிருந்து பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போய் அந்தோணியாரிடம் இதற்காகத்தான் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்தோணியார் வரைக்கும் எதற்கு, ஆள் வீட்டிலேயே இருக்கிறாளே என்று எனக்குத் தோன்றியது. நேராக மேசைக்குப் போனேன்.

“அக்கா, மாமாவை வர வை.”

“நானா? நான் என்ன எம்பஸியா?”

“நீ வரைஞ்சா நடக்குதில்ல? குழாயைப் பூட்டினே, பூட்டிட்டாங்க. பனி போட்டே, பெஞ்சுது.”

அவள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். “ஏய் லூசு, சும்னே போ.”

“அம்மா அழுதுட்டு இருக்குது” என்றேன்.

சிரிப்பு நின்றது. குழாய்ச் சத்தத்தை அவளும் கேட்டாள். பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் வரைய ஆரம்பித்தாள்.

வட்டாரத்தின் மாடிப்படிக்குக் கீழே, கண்ணாடி போட்ட ஒல்லி ஆள் ஒருவன் ஒண்டுக் குடித்தனம் இருக்கிறான். இத்தனை நாள் யார் கண்ணிலும் படாதவன். அவன் ஊருக்குப் போக வேண்டும் என்கிறான். முதல் ஜனாதிபதி கேட்டைத் திறக்கிறார். நெட்டையர் பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொள்கிறார். சக்கர நாற்காலியில் வரும் ஜனாதிபதியின் மடியில் புளிச்சோற்றுப் பொட்டலம் இருக்கிறது. ஜென்மப் பகையாளிகள்கூடத் தோளோடு தோள் நின்று கையசைக்கிறார்கள். வீட்டுக்கார அம்மா தீவட்டியைத் தாழ்த்தி அவனுக்கு வழி காட்டுகிறாள். அந்த வாரம் சிரிக்க ஒன்றுமே இல்லை. யார் இந்த ஒல்லி ஆள் என்று அமெரிக்காவிலிருந்து நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். மாமா ஞாயிற்றுக்கிழமை, “பார்த்தேன் கண்ணு” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிக்னல் சரியில்லை என்று சீக்கிரமே வைத்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, ஞாயிறாக இல்லாத ஒரு நாளில் போன் வந்தது. அம்மா ஈரக் கையோடு வெளியே ஓடிவந்தாள்.

“வர்றேங்கறான்! ஏங்க, என் தம்பி வர்றேங்கறான்!”

“எத்தனை நாள் லீவாம்?” என்று அப்பா கேட்டார்.

“வந்து பேசிக்கலாங்கறான்.”

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார், வேறொன்றும் கேட்கவில்லை. அம்மா அந்தோணியாருக்கு நன்றி சொல்ல ஓடினாள். போகட்டும், புகழ் யாருக்குப் போனால் என்ன என்று விட்டுவிட்டேன். அக்கா மட்டும், “ஏன் திடீர்னு?” என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

மாமா இரண்டு ஆட்டோவில் வந்தார். ஒன்றில் அவர், இன்னொன்றில் பெட்டிகள். அவருக்குக் கால்கள் இருந்தன. அம்மா அவர் கன்னத்தைத் தடவித் தடவி, “வந்துட்டியா சாமி, வந்துட்டியா” என்றாள். பெட்டிகளைத் திறக்கத் திறக்க எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கம்பளி, குளிர் கோட்டு, மேசை விளக்கு, ஜன்னல் திரை, அடியில் கீறல் விழுந்த ஒரு ரைஸ் குக்கர். அம்மா அந்தக் குக்கரைக் கையில் எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், மெல்ல மறுபடி பெட்டிக்குள்ளேயே வைத்தாள். அதற்குப் பிறகு அவளும் எத்தனை நாள் லீவு என்று கேட்கவில்லை. மாமாவுக்கு வேலை போய்விட்டது, வேலை இல்லாதவர் அங்கே தங்க முடியாது என்பதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. என் எதிரில் அதற்குப் பெயர் லீவுதான். நான் தெரிந்துகொண்டபோது ஹைஸ்கூலுக்குப் போயிருந்தேன்.

நான் மாமாவின் கையைப் பிடித்து இழுத்து, “பெட்டியை அந்த நெட்டையா இருக்கறவருதானே தூக்கினாரு?” என்று கேட்டேன்.

மாமா அக்காவை ஒரு தரம் பார்த்தார். அவள் வாசற்படியைத் தாண்டி இன்னும் உள்ளே வரவில்லை. “ஆமா குட்டி” என்றார். “எல்லாரும்தான் வந்தாங்க. வண்டி கிளம்பற வரைக்கும் நின்னாங்க.” அன்று அவரை வழியனுப்ப ஒரு ஆள்கூட வரவில்லை என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை அக்கா மேசைக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றாள், புத்தகம் திறந்த பக்கத்திலேயே இருந்தது. எனக்கு அமெரிக்காவை நினைத்துக் கலக்கமாகிவிட்டது. மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பெஞ்சில் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்ன கண்ணு, வட்டாரத்துல ஒரு சத்தத்தையும் காணோம்?”

அக்கா நிமிரவில்லை. “நான் அதை வரைஞ்சிருக்கக் கூடாது மாமா.”

“எதை?”

“உங்களை அனுப்பி வெச்சதை.”

இயற்பியல் படிக்கிற பெண். வரைவதால் ஒன்றும் ஆகாது என்று என்னைப் பார்த்துச் சிரித்த பெண். ஆனால் எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு இந்த அடக்கம் எதற்கு? “அவதான் மாமா!” என்று கத்தினேன். “நான்தான் வரையச் சொன்னேன், அவதான் வரைஞ்சா. அவ வரைஞ்சுதான் நீங்க வந்தீங்க!”

மாமா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அப்படியெல்லாம் இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, பெரியவர்களுக்குக் கும்பிடுவதுபோல அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

“ரொம்ப தேங்க்ஸ் கண்ணு. நானா இருந்தா இன்னும் அஞ்சு வருஷம் ஆனாலும் கிளம்பியிருக்க மாட்டேன். யாராச்சும் கேட்டைத் திறந்துவிட வேண்டியிருந்துச்சு.”

எனக்கு உச்சி குளிர்ந்தது. கடைசியில் ஒருவராவது உண்மையை ஒப்புக்கொண்டார். அக்கா என்ன செய்யப்போகிறாள் என்று ஆவலோடு பார்த்தேன். அவள் மேசைமேல் கவிழ்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். மாமா ஒரு கையை அவள் தலைமேல் வைத்துக்கொண்டு, சமையலறையில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டுவிடாதே என்று இன்னொரு கையால் எனக்குச் சைகை காட்டினார். அவர் முகம் சிரித்தபடிதான் இருந்தது. ஊர் வந்து சேர்ந்தவர் சிரிக்கிறார், சேர்த்தவள் அழுகிறாள். இப்படிப்பட்ட நல்ல செய்தியை அம்மாவிடம் எதற்காக மறைக்க வேண்டும் என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.