சாமளாபுரம் குளத்துக்கு வந்த விருந்து

திருப்பூரில் மச்சானுடன் கூட்டாகப் பனியன் கம்பெனி நடத்தி வந்தார் ஞானசம்பந்தம். கம்பெனிக்கு விடுமுறையான நாட்களில் விடிவதற்கு முன்பே சைக்கிளில் சாமளாபுரம் குளத்துக்குப் போய்விடுவார். கழுத்தில் தூரக்கண்ணாடி. புரட்டாசி, ஐப்பசியில் வடக்கிலிருந்து வந்திறங்கும் பறவைகளைப் பார்ப்பது அவருக்கு இருந்த ஒரே பித்து. "கொக்கு பாக்கறவரு" என்று கடைவீதியில் கேலி பேசுவார்கள். அவர் கண்டுகொள்வதில்லை.

அறுபத்தெட்டாம் வருடம் ஐப்பசியில், நல்ல மழைக்கு மறுநாள், குளத்தின் நடுத்திட்டில் ஒரு ஜோடி பெரிய வாத்துகள் நின்றன. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து! அதுவரை படத்தில் மட்டுமே பார்த்திருந்தார். சேற்றில் உட்கார்ந்தே விட்டார். கண்ணாடி வழியாகப் பார்க்க முடியாதபடி கண்ணில் நீர் நிறைந்தது.

சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்தபோது எதிரில் நின்றவர், மனைவி பழனியம்மாளின் அண்ணன் நஞ்சப்பன். கம்பெனியின் கூட்டாளி அவர்தான்.

"மச்சான், இமயமலைக்கு அந்தாண்டயிருந்து வந்திருக்குதுங்க! நம்மூர்ப் பக்கம் ஆருமே பாத்திருக்க மாட்டாங்க!"

நஞ்சப்பன் என்றுமில்லாத அக்கறையோடு கேட்டார். "எந்தப் பக்கமுங்க மாப்ள? கரையிலிருந்து எத்தன தூரம்?"

ஒருவர் காது கொடுத்துக் கேட்கிறாரே என்ற மகிழ்ச்சியில், தரையில் கோடு போட்டே காட்டினார் ஞானசம்பந்தம்.

மறுநாள் மத்தியானம் கல்கத்தாவிலிருந்து வந்த வியாபாரிகளுக்கு நஞ்சப்பன் வீட்டில் விருந்து. ஞானசம்பந்தமும் பந்தியில் உட்கார்ந்தார். இலையில் கறி விழுந்தது. கோழியாக இருக்கும் என்று நினைத்து ஒரு துண்டை வாயில் போட்டார்.

"நல்லாச் சாப்புடுங்க மாப்ள" என்று தோளைத் தட்டினார் நஞ்சப்பன். "காலைல ஜீப்புல போய் ரெண்டையுமே போட்டாச்சு. நீங்க சொல்லாட்டி கெடச்சிருக்குமுங்களா?"

பந்தி முழுக்கச் சிரித்தது. ஞானசம்பந்தம் எழுந்து கொல்லைப்புறம் ஓடி வாந்தி எடுத்தார்.

பழனியம்மாள் பின்னாலேயே வந்தாள். "ஏனுங்க, வந்தவங்க முன்னால எங்கண்ணன் மானத்த வாங்கறீங்களே. ஒரு வாத்துக்கா?"

கூட்டு வியாபாரத்தை முறித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. மகள் கல்யாணம், மச்சான் உறவு, ஊர்ப் பேச்சு. மறுநாளும் கம்பெனியில் அதே அறையில், நஞ்சப்பனுக்கு எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். குளத்துக்குப் போவதை மட்டும் விடவில்லை. ஆனால் கண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

நஞ்சப்பன் விடவில்லை. விருந்தாளிகளுக்குக் காட்டுக்கறி ருசி பிடித்துப் போயிருந்தது. ஐப்பசி பிறந்தால் ஜீப் தானாகவே குளத்துக்குப் போகும்.

எழுபத்திரண்டில் ஒரு காலை. கரையோரச் சேற்றில், ஆள் இடுப்பளவு உயரத்தில், செங்கால் நாரை ஒன்று தனியாக நின்றது. வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டுமென்று அவர் ஏங்கியிருந்த பறவை. தூரக்கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுபோனபோது கரைமேல் ஜீப் சத்தம் கேட்டது.

கண்ணாடியை இறக்கினார். கல்லைப் பொறுக்கி எறிந்துகொண்டே நாரையை நோக்கி ஓடினார். "போ! போயிரு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நாரை மிரண்டு எழும்பி, பனைகளைத் தாண்டித் தெற்கே போனது.

ஜீப்பிலிருந்து இறங்கிய நஞ்சப்பன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார். "புத்தி கெட்டுப் போச்சுங்களா மாப்ள?"

முழங்கால் சேற்றில் நின்றிருந்த ஞானசம்பந்தம் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார். செங்கால் நாரை அதன்பிறகு அந்தக் குளத்துக்கு வரவே இல்லை.