ஓடுவதற்கு ஏற்ற இரவுடை

நோர்வேக்காரர் பனி கொட்டும் மாதத்திலும் படுக்கையறை யன்னலைத் திறந்து வைத்துத்தான் உறங்குவார்கள். வீட்டைக் காசு கொடுத்துச் சூடாக்கிவிட்டு, பிறகு யன்னலைத் திறந்து அந்தச் சூட்டைத் தெருவுக்கு அனுப்புகிறார்களே என்று வந்த புதிதில் நான் சிரித்திருக்கிறேன். இப்போது ஐம்பது வயதில், எங்கள் வீட்டில் யன்னலைத் திறப்பவள் நான்தான். கணவர் கம்பளித் தொப்பியோடு இரண்டு போர்வைக்குள் கிடந்து, "நீர் முழு நோர்வேக்காரியாய் மாறிட்டீர். என்னை ஏன் விறைக்கப் பண்ணுறீர்?" என்று முனகுகிறார். குடியுரிமை மாறிக் கனகாலம். இப்போது மாறுவது உடம்பு என்று அவருக்கு விளங்கப்படுத்துவதற்குள் ஒரு மாரிகாலம் போய்விட்டது.

மாதவிடாய் நின்றுபோகும் காலத்தில் இரவில் இப்படித் தெப்பமாக நனையும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அம்மாவுக்கு வியர்த்ததா என்றுகூடத் தெரியாது. இங்கே மருத்துவர் வானிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொல்லிவிட்டார்: "ஓவர்காங்ஸ்ஆல்டர்." கடந்துபோகும் வயது என்று பொருள். தளர்வான, மெல்லிய பருத்தி உடை ஒன்றே போதும், அதற்குள் வேறெதுவும் வேண்டாம் என்றார். முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்பவளிடம் இதைச் சொன்னபோது, "நீ வெப்ப நாட்டுக்காரி, வியர்ப்பது உனக்குப் பழக்கம்தானே?" என்று ஆறுதல் கூறினாள். நான் நித்திரைக் கலக்கத்தில் சூப்புக்கு இரண்டாம் முறையும் உப்புப் போட்டிருந்த நாள் அது. ஒரு இரவு, ஒரே ஒரு இரவு முழுதாக நித்திரை கொண்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

கடையில் இருந்த இளம்பெண் மூங்கில் நாரில் நெய்த இரவுடை ஒன்றை எடுத்து நீட்டினாள். உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். துணிக்கு வெளியே கைரேகை எண்ணலாம் போல இருந்தது. "இதோடு வெளியே ஓடலாமா?" என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்து, என்னை ஓட்டப் பயிற்சி உடைகள் தொங்கிய பக்கம் அழைத்துப் போய்விட்டாள்.

அவளில் பிழையில்லை. அவள் எங்கள் தீவில், புளியங்கூடலில் வளரவில்லை. சண்டைக்காலத்தில் எங்கள் வீட்டில் இரவுடை என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. தோளிலிருந்து கணுக்கால் வரை தொங்கும் தடித்த சோட்டி, அதற்குள் உள்பாவாடை, நாடாவில் இரட்டை முடிச்சு. படுக்க முன் அம்மா எனக்கும் அக்காவுக்கும் இடுப்பைத் தடவிப் பார்ப்பார். "ஓடேக்குள்ள அவிழக்கூடாது. செத்தாலும் நாலு சனம் பாக்கிற மாதிரிக் கிடக்க வேணும்." ஷெல்லைவிட, அரைகுறை உடையில் இருக்கும்போது ஷெல் விழுந்துவிடுமோ என்பதுதான் அவருடைய பெரிய பயம். ஒரு விடியற்காலை உண்மையாகவே ஓடினோம். வள்ளத்தில் ஏறும்வரை ஒரு முடிச்சும் அவிழவில்லை. அன்றிலிருந்து நான் அப்படித்தான் படுக்கிறேன், ஷெல்லே விழாத இந்த ஊரிலும். மூங்கில் உடையில் இரண்டு வாங்கினேன்தான். வாங்கி, அலுமாரியில் வைத்தேன்.

இவ்வருடம் அக்காவிடம் போனபோது அவற்றையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அத்தானோடு அதே புளியங்கூடல் வீட்டில் இருக்கிறாள். வெளிநாட்டு ஆட்களுக்கென்று ஏசி பூட்டிய அறையை எனக்குத் தந்தாள். ஏசிக்குள்ளும் நான் நனைந்து எழும்ப, "குளிர்நாட்டில இருந்து வாறவைக்கு எங்கட வெக்கை ஏலாது" என்று வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கம் சொன்னாள். நோர்வேயில் நான் வெப்ப நாட்டுக்காரி, புளியங்கூடலில் குளிர்நாட்டுக்காரி. பாவம், என் கருப்பையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் ஒவ்வொரு காலையும் நான் எழும்ப முன்னமே, கொடியில் அக்காவின் சோட்டி ஒன்று தோய்த்துக் காய்ந்துகொண்டிருந்தது. நான்காம் நாள் கிணற்றடியில் கேட்டுவிட்டேன்.

"அக்கா, உங்களுக்கும் இரவில வேர்க்கிறதே?"

வாளியைக் கீழே வைத்தாள். "ஓமடி. ரெண்டு வருசமா நித்திரையில்லை."

"கிழமைக்குக் கிழமை கதைக்கிறம். ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?"

"போனில இதையே கதைக்கிறது? அத்தான் பக்கத்தில நிப்பார்."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. நானும் அவளுக்குச் சொல்லவில்லை என்பதால் கோபத்தை விழுங்கிக்கொண்டேன். உள்ளே போய், மூங்கில் உடையில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் திடுக்கிட்டுவிட்டாள்.

"இதோட படுத்தால், ஆரும் வந்து படலையில கூப்பிட்டால் என்ன செய்யிறது?"

"ஆர் இருக்கினம் கூப்பிட?"

அக்கா வேலிக்கு அப்பால் பார்த்தாள். அந்தப் பக்கம் இரண்டு வீடுகளுக்கும் பூட்டு. ஒரு குடும்பம் கனடாவில், மற்றது கொழும்பில். "இருந்த காலத்தில பழகினது" என்றாள்.

அன்றிரவு இருவரும் அந்த உடையில் படுத்தோம், உள்பாவாடை இல்லாமல். வியர்த்தது, ஆனால் துணி காய்ந்தது. விடியும்வரை நித்திரை கொண்டேன். காலையில் அக்காவின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். வாய் திறந்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டுக் கதிரையில் சோட்டியும் உள்பாவாடையும் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. கீழே செருப்பு இரண்டும் வாசலைப் பார்த்தபடி இருந்தன.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளை எழுப்பாமல் என் அறைக்குத் திரும்பினேன். என் கட்டிலருகிலும் ஒரு கதிரை. அதிலும் ஒரு சோட்டி, ஒரு உள்பாவாடை. எப்போது மடித்து வைத்தேன் என்பது நினைவிலேயே இல்லை.

நோர்வேக்குத் திரும்பிய பிறகும் அப்படித்தான். மெல்லிய உடையில் நன்றாக நித்திரை கொள்கிறேன். தடித்தது பக்கத்தில் காத்திருக்கிறது. அக்கா ஓட வேண்டி வந்தால் என்னிடம்தான் வருவாள். நான் ஓட வேண்டி வந்தால், அந்தச் சோட்டியைப் போட்டுக்கொண்டு அவளிடம்தான் போவேன்.