கதவில் தொங்கிய மருந்து

பிராங்கிளின் மீன் தின்ன மாட்டான். ராயபுரத்தில் பிறந்தவனுக்கு இது பெருங்குறை. ஆனால் வேலை பார்த்த திருவொற்றியூர்க் கம்பெனி கதவை மூடிய பிறகு, மீன்தான் தன் பிழைப்பு என்று அவன் முடிவு செய்தான். முன்னறை முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். அவற்றில் டிஸ்கஸ் என்கிற, பூரியைப் போல் வட்டமான அழகு மீன்கள். குஞ்சு பொரிக்க வைத்து விற்பதாகத் திட்டம். மீன்களுக்கு வேறு திட்டம் இருந்தது: முட்டை போடும், பெற்றதுகளே தின்றுவிடும்.

"இந்த வாட்டியும் பூட்ச்சின்னா தொட்டியெல்லாம் எடைக்குப் போட்டுட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போற" என்று சொல்லிவிட்டாள் அவன் மனைவி ஜானட். அவள் தையல் மிஷினில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாட்டி குஞ்சு பொரித்தது. டிஸ்கஸ் குஞ்சுக்கு வெளித்தீனி ஆகாது. தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழவழப்பைக் கொத்தித்தான் வளரும். ஒருவர் சலித்துப்போனால் மற்றவர் உடம்பைச் சிலிர்த்துக் கூப்பிடுவார். குஞ்சுகள் அவரிடம் போகும். பிராங்கிளின் தொட்டி முன்னால் கோயிலில் உட்கார்வதுபோல் உட்கார்ந்திருந்தான்.

ஆனால் அது தண்ணீர்ப் பஞ்சத்துக் கோடை. லாரி வரவில்லை. மருந்து வாடை போக டிரம்மில் ஆறப்போட்டிருந்த தண்ணீரை வீடே குடித்துத் தீர்த்தது. ஒரு நாள் காலை தொட்டித் தண்ணீர் பால்போல் கலங்கி, மீன்கள் மூச்சுக்குத் திணறின. அன்று பார்த்து லாரி வந்தது. குடங்களோடு மல்லுக்கட்டி இரண்டு பக்கெட் பிடித்து வந்தான். குளோரின் கண்ணை எரித்தது.

முன்பெல்லாம் மற்றவர்களைப் போல அவனும் இந்தத் தண்ணீரில் குளோரினை முறிக்க ஹைப்போ கல்தான் போடுவான். கப்பலில் வேலை செய்யும் மைத்துனன் வால்டர் சிங்கப்பூரிலிருந்து அதே வேலைக்கு ஒரு பாட்டில் மருந்து கொண்டுவந்தான். மேலே கற்றாழை மடல் படம். 'மீன் தோலுக்குப் பாதுகாப்பு' என்று எழுதியிருந்தது. அன்றே ஹைப்போ குப்பைக்குப் போயிற்று. போட்டோ கழுவுகிற மருந்தைப் பச்சைக் குழந்தைகளுக்கு எவனாவது போடுவானா?

இப்போது அந்தப் பாட்டிலைக் கவிழ்த்து உதறினான். சில சொட்டுதான் விழுந்தது. லாரித் தண்ணீரை ஊற்றினான். தாய் மீன் கறுத்தது. தகப்பன் மேலே வந்து வாயைப் பிளந்தது.

கற்றாழை போதவில்லை என்பது பிராங்கிளினின் தீர்ப்பு. வாசலுக்கு ஓடினான். நிலைக்கு மேலே சிலுவை; அதன் பக்கத்திலேயே திருஷ்டிக்காகத் தலைகீழாகக் கட்டிய கற்றாழை. ஜானட்டுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. அவன் அதைப் பிய்த்ததை எதிர்வீட்டுப் பவுனம்மாள் பார்த்துவிட்டாள்.

"டேய் பிராங்கிளினு! இன்னாத்துக்குடா அத்த அவுக்கிற?"

"மீனுக்கு, யக்கா."

"அடப்பாவி! தெரு கண்ணு பூரா அதுலதான் எறங்கிக் கீது. அத்தப் போயி தண்ணில கரைப்பியா? மீனு உருப்படுமா?"

மடலைக் கீறிப் பிழிந்தான். மஞ்சள் பாலும் சேர்ந்தே இறங்கியது. தண்ணீர் நுரைத்தது. தாய் மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவன் இன்னொரு மடலை எடுத்தான்.

மிஷினை நிறுத்திவிட்டு வந்த ஜானட், "யோவ், கைய எடு! முன்னெல்லாம் கல்லு போடுவியே, அது எங்க?" என்றாள்.

செருப்பில்லாமல் ஓடினான். ரஷீது ஸ்டூடியோவில் அப்போதும் கறுப்பு வெள்ளைப் படம் கழுவினார்கள்.

"பாய், ஹைப்போ குடு! சீக்கிரம்!"

"விசம்னு சொன்னியே மாமு?"

"கத்தாழ வேலை செய்யல பாய்."

"சோப்பு டப்பால ரோஜாப்பூ படம் கீது. பூவ வெச்சுத் துணி தோய்ப்பியா?" என்றபடியே ரஷீது ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தார்.

சிங்கப்பூர்ப் பாட்டிலிலும் குளோரினை முறித்தது ஹைப்போ வகை மருந்துதான். கற்றாழை கூட வந்த விருந்தாளி. அது மீன் தோலுக்கு ஏதாவது செய்ததா என்பது, படம் போட்டு விற்றவனுக்கே திட்டமாகத் தெரியுமோ என்னவோ.

கல் கரைந்த கொஞ்ச நேரத்தில் தகப்பன் மீனின் மூச்சு தணிந்தது. தாய் அடியில் கிடந்தது, செத்து. செவுள் வெந்திருந்தது. குஞ்சுகளுக்கு அது புரியவில்லை. செத்த உடம்பை மொய்த்துக் கொத்திக்கொண்டிருந்தன. கற்றாழை நீரில் அதன் தோல் நூல்நூலாகப் பிரிந்தது.

"சிலுத்துக்கோடா, ஒரு வாட்டி, சிலுத்துக்கோடா" என்று கண்ணாடியில் நெற்றியை முட்டி அழுதான் பிராங்கிளின். தகப்பன் மூலையில் நின்றது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து மணலில் விழத் தொடங்கின. வெகுநேரம் கழித்து, தகப்பன் ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தது. மிச்சமிருந்ததில் ஒரு கைப்பிடி தாயை விட்டு நகர்ந்தது. மற்றவை நகரவில்லை.

ஜானட் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாளைக்குப் போயி வாட்ச்மேன் வேலைய கேளு" என்றாள். அவன் தலை நிமிரவில்லை. "நைட் டூட்டியா கேளு. பகல்ல இதுங்களுக்கு யாரு தண்ணி மாத்துறது?"