ஒரு மாதம் போதும் சார்

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனவன், கொடுத்த டீயைக் குடிக்காமலே திரும்பி வந்தேன். சுற்றிலும் தேயிலைச் செடி நிற்கிற வீடு அது. அங்கே நான் டீயைக் குடிக்காமல் விட்டது இதுவே முதல் தடவை.

இன்னும் பதற்றம் அடங்கவில்லை. சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி குணா தோட்டத்து ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. பத்தொன்பது வருஷ சர்வீஸ். சம்பளப் பட்டியல், லீவு, கடிதம் – எல்லாம் அவன் மேஜையைத் தாண்டித்தான் துரையிடம் போகும். (கதவில் மேனேஜர் என்று போர்டு மாட்டியிருந்தாலும் எங்கள் ஆட்களுக்கு அவர் துரைதான்.)

வியாபாரம் படுத்துவிட்டது, ஆட்குறைப்பு வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியபோது இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் ஒரு கட்டுரை எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? வேலையைத் தக்கவைத்துக்கொள்ள மூன்று யோசனைகள். மேலதிகாரிக்கு முன்னால் ஆபீஸுக்குப் போங்கள். அடுத்தவர் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யுங்கள். செலவை எதில் குறைக்கலாம் என்று கம்பெனி கேட்பதற்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லுங்கள்...

எழுதியது யார்? பென்ஷன் உள்ள அரசாங்க வேலையில், பிரிஞ்சாங் டவுனில் சொந்த வீட்டில், காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆசாமி!

குணா வீட்டு அலமாரிக் கதவில் அந்தக் கட்டுரையை வெட்டி ஒட்டியிருந்தான். மூன்றாவது யோசனைக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு கவரை நீட்டினான்.

"என்னடா இது?"

"என்னையும் நிப்பாட்டிட்டாங்கண்ணே. வெள்ளிக்கிழமை கொடுத்தாங்க. இனிமே கணக்கு எல்லாம் ஹெட் ஆபீஸ்லயே பாத்துக்குவாங்களாம்."

பிரித்துப் படித்தேன். கடைசிப் பத்தியில் இருந்தது பெரிய இடி. ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தோட்டத்தில் வேலையோடு ஒட்டியதுதான் கம்பெனி கொடுக்கும் லயத்து வீடு. வேலை போனால் வீடும் போச்சு. உள்ளே அவன் மகள் யாழினி பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

"ஒரு மாசமா? அநியாயமா இருக்கே! எந்த மகராசன்டா போட்டான் இத?"

"நான்தாண்ணே."

எனக்குப் புரியவில்லை.

"முதல்ல எட்டுப் பேருக்கு லெட்டர் போச்சுல்ல... அடிச்சது நான்தானே. துரை மூணு மாசம்னு போடச் சொன்னாரு. நான்தான், ஒரு மாசம் போதும் சார், வீடு சீக்கிரம் காலியானா தண்ணி, கரண்டு செலவு மிச்சம்னேன். நல்ல யோசனைன்னு தட்டிக்கொடுத்தாரு. இப்ப அதே லெட்டர்ல என் பேர மட்டும் மாத்திட்டாங்க."

சொல்லிவிட்டு அவன் அலமாரியைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். கடிதம் அடிக்கிற கைக்குக் கடிதம் வராது என்று எந்தத் தைரியத்தில் நினைத்துக்கொள்கிறோம்?

வாசலில் ஆள் அரவம். லெட்சுமி அக்கா. மூன்று வீடு தள்ளி இருக்கும் கொழுந்து பறிக்கிற அம்மா. அந்த எட்டுப் பேரில் ஒருவர்.

"கிராணி, உங்களுக்கும் வந்துருச்சாமே? லெம்பா பெர்த்தாம் ஊர்ல ஒரு காய்கறித் தோட்டக்காரர் வாடகைக்கு வீடு விடுறாரு. எங்களுக்கு ஒண்ணு பேசியாச்சு. பக்கத்து வீடும் காலிதான். புள்ளைக்கு ஸ்கூல் பஸ் வருது. நாளைக்கே வந்து பாருங்க."

குணாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா... அந்த ஒரு மாசம்... நான் சொல்லித்தான் போட்டாங்க."

அறைவார் என்றுதான் நினைத்தேன். அறைந்திருந்தால் தடுத்திருக்கவும் மாட்டேன்.

"தெரியும். லெட்டர் வந்த அன்னிக்கே துரைகிட்ட நேராப் போயிக் கேட்டேன். உங்க பேரத்தான் சொன்னாரு. நாலு நாளு உங்கள மண்ண வாரித் தூத்துனேன். இன்னும் கோவந்தான்." அக்கா உள்ளே எட்டி யாழினியைப் பார்த்தார். "அதுக்காக? புள்ள பரீட்ச எழுத வேணாமா? லோரி ஒண்ணா எடுத்துக்குவோம்."

போய்விட்டார். குணா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். எனக்குக் கொடுத்த டீ எங்கே இறங்கும்?

நான் எழுதிய மூன்று யோசனைகளிலும் முதலாளி இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றில்கூட இல்லை.

அந்தக் கட்டுரையை வேறு யாராவது வெட்டி ஒட்டியிருக்கிறீர்களா? தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.